சும்மா கொடுத்தது

நீங்கள் வாங்கிக்கொடுத்த டீ நன்றாக இருந்தது சார். அதற்கான காசை மேசை மேல், பேனா வைக்கும் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். "டீக்குப் போயி இன்னாய்யா காசு, சும்மா குடி" என்று சொன்னீர்கள். நல்ல மனசோடுதான் சொன்னீர்கள், தெரிகிறது. ஆனால் சும்மா வருவது எதுவும் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. காய்கறிக் கடையில் கொசுறாகப் போடும் கறிவேப்பிலையைக்கூடத் திரும்ப எடுத்துக் கூடையில் வைத்துவிட்டு வருகிற ஆள் நான். என் மனைவி சோனியா இதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ஜெரால்ட் பாத்ரூம் வாசலில் வழுக்கி விழுந்தான் என்று உங்கள் ஃபைலில் இருக்கிறது. அவனே அப்படித்தான் சொல்லியிருக்கிறான். புகாரே இல்லாதபோது நீயாக வந்து ஏன் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. விழுந்ததிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்குப் புரியாது. கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் மோசஸ். நானும் ஜெரால்டும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரே கம்பி மில்லில் வேலை பார்த்தோம். பழுக்கக் காய்ச்சிய இரும்பை உருளைகளுக்கு நடுவே விட்டு நீட்டிக் கம்பியாக்குகிற இடம். நான் மேலே கூண்டில் உட்கார்ந்து சுவிட்சு போடும் ஆபரேட்டர், அவன் ஃபிட்டர். மிஷின் ஓடினால் எனக்கு வேலை, நின்றால் அவனுக்கு வேலை. கவரைப்பேட்டையில் ஒரே தெருவில் இருவருக்கும் வீடு. ஞாயிற்றுக்கிழமை ஒரே சபை. ரயில்வே கேட்டைத் தாண்டித் தகரக் கூரை போட்ட ஜெப வீடு. நான் ஜெபம் பண்ணப் போவேன், அவன் டோலக் அடிக்கப் போவான். பிரசங்கம் நீண்டால் டோலக் மேலேயே தலை வைத்துத் தூங்கிவிடுவான்.

எங்கள் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. உருளைகளுக்கு அடியில் இறங்கும் முன் ஃபிட்டர் என் சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டையை மாட்ட வேண்டும். அட்டை தொங்கினால் யாரும் கை வைக்கக் கூடாது. அதுபோக, ஆபரேட்டர் சுவிட்சைப் போடும் முன் "போடறேன்" என்று மூன்று முறை கத்த வேண்டும். விதி அப்படி. நடப்பு வேறு. வேலை முடிந்ததும் அட்டையைக் கழற்ற மறந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள், நாங்கள் திட்டிக்கொண்டே கழற்றி வைப்போம். அன்று சூப்பர்வைசர் கீழே நின்று ஓட்டு, ஓட்டு என்று கையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். அட்டை தொங்கியது. பழைய அட்டை என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதுகூடத் தப்பு, நான் எதையும் நினைக்கவில்லை. அட்டையைக் கழற்றினேன், சுவிட்சைப் போட்டேன். கத்தவில்லை.

சத்தம் கேட்டு நிறுத்தினேன். எல்லோரும் ஓடினார்கள். நான் கையிலிருந்த அட்டையை இரண்டாக மடித்து உள்பனியனுக்குள் செருகிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் ஓடினேன். அந்த மடிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. சுவிட்சைப் போட்டது கை தவறியது. மடித்தது அறிவோடு செய்தது.

உருளைகளுக்கு அடியில் இருந்த ஜெரால்டுக்கு முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆஸ்பத்திரிக்கே விசாரணைக்கு ஆள் வந்தார்கள். கட்டிலின் காலடியில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவன் வாய் திறந்தால் என் வேலை போகும், ஜெயிலும் வரலாம். அவன் அவர்களிடம், "அட்டய மாட்ட மறந்துட்டு எறங்கிட்டேன் சார். என் மேலதான் தப்பு" என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அந்த நிலைமையில் கண்ணடித்தான் சார்.

அவர்கள் போன பிறகு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னாத்துக்குடா அப்பிடிச் சொன்ன? நீ மாட்டுன. நான்தான் எட்த்தேன்."

"தெரியும்டா. கழட்டும்போது உன் கையப் பாத்தேன். நான் கத்தறதுக்குள்ள போட்டுட்ட."

"தெரிஞ்சிகினே ஏன்டா சொல்லல?"

"உன்னிய உள்ள வெச்சா என் காலு வந்துருமா? உனுக்கு ரெண்டு பொண்ணு கீது. உடு மச்சான்."

"நான் உனுக்கு இன்னா செய்யணும், சொல்லு. இன்னா வேணா செய்றேன்."

"ஒண்ணியும் செய்ய வேணாம். சும்மா உடுடா."

இதையெல்லாம் வாயில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு சொன்னான். என் வாழ்க்கை முழுவதையும் ஒரு பிஸ்கட் தின்கிற நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டான். அழுதிருக்கலாம். திட்டியிருக்கலாம். என் கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டு அப்புறம் மன்னித்திருந்தால்கூட நான் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். கை கழுவிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. நன்றியாக இல்லை சார். கோபமாக இருந்தது.

எங்கள் பாஸ்டர் ஐயாவுக்குக் கிருபைதான் பேச்சு. அதைத் தொடாமல் அவருக்கு ஒரு ஞாயிறு போகாது. பிரசங்கத்துக்கு நடுவே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைக் கேட்பார். "கிருபைன்னா இன்னா?" "சும்மா குட்க்கறது!" என்று கத்துவார்கள். "வாங்கிக்க நாம இன்னா செய்யணும்?" "கைய நீட்டணும்!" சபையே சிரிக்கும், அல்லேலூயா சொல்லும். எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்வது நான்தான். ஆனால் ஒரு நாளும் அதை நம்பியதில்லை. பாஸ்டர் டவுனில் வளர்ந்தவர், சும்மா என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்குத் தெரியும். என் அப்பா சின்னராசு திருப்பாச்சூர் பக்கத்தில் பூவராகவன் என்பவரின் நெல் வயலில் கூலிக்குப் போனவர். கூலி குறைந்தால் நின்று பேசி வாங்கிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வருகிற ஆள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஜன்னி வந்து கண் செருகிவிட்டது. பூவராகவன் தன் காரில் ஏற்றித் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். செலவும் அவரே பார்த்துக்கொண்டார். அப்பா காலில் விழப்போனபோது, "இருக்கட்டும்பா, சும்மா செஞ்சதுதானே" என்றாராம். உண்மையாகவே அவர் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. நல்ல மனிதர். வழியில் பார்த்தால், "பையன் நல்லா கீறானா சின்னராசு?" என்று விசாரிப்பார், அவ்வளவுதான். அந்த ஒரு விசாரிப்பு போதும். அதற்குப் பிறகு அப்பா அந்த வீட்டில் கூலி பேசியதே இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டார். தொழுவம் கழுவ, பந்தல் போட, நெல் பத்தாயம் நகர்த்தக் கூப்பிட்டபோதெல்லாம் போனார். துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. அவர் சாகும்வரை மேலே ஏறவில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். சும்மா கொடுத்தவன் கேட்காமல் இருக்க இருக்கத்தான் வாங்கியவனுக்கு முதுகு வளைகிறது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அதனால் ஜெரால்டிடம் சும்மா வாங்கிக்கொள்வதில்லை என்று முடிவு செய்தேன். அவன் வீட்டுக்கு வந்த மறுநாளே போனேன். அவன் மனைவி செண்பகத்துக்கு ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, காலையில் கம்பெனி பஸ் வந்துவிடும். அவர்கள் பெண் ஏஞ்சல் ஸ்கூலுக்குப் போய்விடுவாள். நான் மேனேஜரிடம் கெஞ்சி நிரந்தரமாக மதிய ஷிப்டு வாங்கிக்கொண்டேன். காலை முழுவதும் ஜெரால்ட் என் பொறுப்பு.

படுக்கையில் இருப்பவரைக் குளிப்பாட்டுவது எல்லோருக்கும் வராது சார். தலையில் எடுத்தவுடன் தண்ணீர் ஊற்றக் கூடாது, திடுக்கிட்டுப்போவார்கள். தோளில் ஆரம்பிக்க வேண்டும். புண் வராமல் இருக்கப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துப் பவுடர் போட வேண்டும். நான் எல்லாம் கற்றுக்கொண்டேன். அவனுக்கு அடியில் வைக்கும் தட்டை என் கையால்தான் எடுத்துக் கழுவினேன். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஜெப வீட்டுக்குள் நுழைவேன். வீல்சேர் இருந்தது, இருந்தாலும் தூக்கிக்கொண்டுதான் போவேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மோசஸ் மாதிரி ஓர் ஊழியக்காரன் உண்டா என்று பாஸ்டர் மைக்கில் சொன்னார். அட்டை கதை அங்கே யாருக்கும் தெரியாது. எனக்கும் ஜெரால்டுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன்தான் முரண்டு பிடிப்பான். "டேய், நீ இன்னா என் பொண்டாட்டியா? தெனம் வந்து நிக்கற. உன் ஊட்ட யாரு பாக்கறது?" என்பான். சோனியாவும் அதைத்தான் கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். ஜெரால்டுக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. "ஒலகத்தைச் சுத்திப் பாக்க வேணாம் மச்சான். நானா எந்திரிச்சி நின்னு ஒண்ணுக்கு அடிக்கணும். அது போதும்டா கர்த்தரே" என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டுச் சிரிப்பான். அவன் மனசில் இருந்தது அது ஒன்றுதான். எனக்கும் அது தெரியும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலையில் சுடுதண்ணீர் விளாவும்போது கை தவறிக் கொஞ்சம் சூடாகவே அவன் பாதத்தில் பட்டுவிட்டது. கட்டைவிரல் மடங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுபடி ஊற்றினேன். மறுபடி மடங்கியது.

"ஏதோ சுர்ருன்னுச்சுடா" என்றான் அவன்.

வாரம் இரண்டு முறை பூமிகா என்று ஒரு பெண் வந்து அவன் காலுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தொட்டுப் பார்த்து, நரம்பு முழுவதும் போகவில்லை, விடாமல் செய்தால் எழுந்து நிற்கலாம், கம்பைப் பிடித்து நடக்கக்கூடச் செய்யலாம் என்றாள். செண்பகம் சுவரில் சாய்ந்து அழுதாள். ஜெரால்ட் தொடையில் டோலக் அடித்தான். நானும் ஸ்தோத்திரம் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தேன். எழுந்து உள்ளே போக மனசு வரவில்லை.

அவன் எழுந்துவிட்டால் உன் பாவம் தீர்ந்ததென்று நிம்மதியாகப் போக வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். தீராது சார். அவன் எழுந்தால் அது அவனுக்குக் கர்த்தர் கொடுத்தது. நான் கொடுத்ததாக ஆகுமா? நான் அவனிடம் வாங்கியது அப்படியே நிற்கும். நான் வேலையில் இருப்பது, என் பிள்ளைகளோடு சாப்பிடுவது, எல்லாம் அவன் போட்ட பிச்சையாக நிற்கும். திருப்பிக் கொடுக்க என்னிடம் இருந்தது இந்தக் காலை வேளைகள் மட்டும்தான். அதற்கும் வேலை இல்லை என்றால் அவன் தெருவில் நடந்து வந்து, "மச்சான், நல்லா கீறியா?" என்று கேட்பான். என் அப்பாவைக் கேட்ட மாதிரி. என்னால் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கால் விறைத்து இழுக்காமல் இருக்க அவனுக்கு ராத்திரி வேளைக்கு மட்டும் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் தசையெல்லாம் தளர்ந்துவிடும், தூக்கம் வரும். நான் அதைக் காலையிலும் கொடுக்க ஆரம்பித்தேன். பொடித்து ராகிக் கஞ்சியில் கலந்துவிடுவேன். மாத்திரை வாங்கிவருவதும் என் வேலைதான் என்பதால் செண்பகத்துக்குக் கணக்குத் தெரியாது. பூமிகாவுக்குப் போன் செய்து, திருவள்ளூரில் வேறு இடம் பார்த்துவிட்டோம், இனி வர வேண்டாம் என்றேன். வீட்டில், அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகிவிட்டது, பயிற்சியை எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள் என்றேன். செண்பகம் லீவில் வீட்டில் இருக்கும் நாட்களில் அவள் பார்க்க அவன் காலை மடக்கி நீட்டுவேன். மற்ற நாட்களில் அவனைத் தூங்கவிடுவேன்.

விரல் மறுபடி மடங்காமல் போயிற்று. ஜெரால்ட் முதலில் சிரித்துச் சமாளித்தான். பிறகு பேச்சு குறைந்தது. டோலக்கைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடச் சொன்னான். ஒரு நாள் நான் சட்டை மாட்டிவிடும்போது என் தோளில் முகத்தை வைத்துச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "முடியலடா. நீ மட்டும் இல்லன்னா நான் செத்துப் பூட்ருப்பேன் மச்சான்" என்றான். அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது, பொய் அழுகை இல்லை. ஆனால் அன்று மில்லில் எனக்கு நல்ல பசி எடுத்தது. கேண்டீனில் இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அன்றைக்குப் போல மனசு லேசாக இருந்த நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

குற்ற உணர்ச்சி இல்லாமல் இல்லை சார். கஞ்சியைக் கலக்கும்போதெல்லாம் இருந்தது. ஆண்டவரே, நான் செய்வது தப்பு என்று தினமும் சொன்னேன். சொல்லிவிட்டுக் கலக்கினேன். தப்பு செய்யச் செய்ய அவனுக்கு இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. நகம் வெட்டினேன், ஏஞ்சலுக்கு ஸ்கூல் பை வாங்கிக்கொடுத்தேன், மழைக்கு முன்னால் அவர்கள் கூரைக்குத் தார்ப்பாய் போட்டேன்.

அந்த மழைக்காலத்தில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒட்டிக்கொள்ளும், ஜெரால்ட் பக்கமே போகாதே என்று பாஸ்டரும் சோனியாவும் என்னை வீட்டோடு வைத்துவிட்டார்கள். சில வாரங்கள் படுத்துக் கிடந்தேன். சபைப் பிள்ளைகள் மாறி மாறிப் போய் அவனைப் பார்த்துக்கொள்வதாகச் செய்தி வந்தது. உடம்பு தேறி முதல் காலையிலேயே கிளம்பினேன். செண்பகம் வேலைக்குப் போயிருந்தாள். கதவு சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

ஜெரால்ட் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தான்.

முழங்கால் ஆடியது. முகமெல்லாம் வேர்வை. ஆனால் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "பாத்தியாடா! பாத்தியா! நானே போயி ஒண்ணுக்கு அடிச்சிட்டு வந்தேன் மச்சான், செவுத்தப் புட்ச்சிகினு!" என்றான். மூச்சு வாங்கியது. செண்பகம் பூமிகாவைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டாளாம். அவளுக்குக் கல்யாணமும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை. மறுபடி வர ஆரம்பித்துவிட்டாளாம்.

"மாத்திரய டாக்டர் சீட்டுல கீற மாரி ராத்திரி மட்டுந்தான் குட்த்தா செம்பகம். காலு தன்னால முழிச்சிகினுச்சு" என்றான். பிறகு சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, "நீ எத்தினி குட்த்துகினு இருந்த?" என்று கேட்டான்.

நான் அலமாரியில் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தேன். அவன் என் முகத்தையே பார்த்தான். கம்பியைப் பிடித்திருந்த கை இறுகியது, முகத்திலிருந்த நிறம் போயிற்று. திட்டப்போகிறான் என்று நினைத்தேன். இப்போதாவது திட்டுவான், காறித் துப்புவான், அதோடு நானும் அவனும் சமமாகிவிடுவோம் என்று ஆசையாகக்கூட இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அறைக்காக என் கன்னம் காத்துக்கொண்டிருந்தது.

அவன் கண்ணில் தண்ணீர் முட்டியது. தலையை ஒரு தடவை ஆட்டிக்கொண்டான்.

"செரி உடு" என்றான். "அத்தயும் உடு. கிறுக்கனாட்டம் எதுனா பண்ணிட்ட. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா இனிமே வராத மச்சான். ஒண்ணியும் செய்யாத. உன் புள்ளைங்களப் பாரு. சும்மா இரு."

இதைத்தான் சார் என்னால் தாங்க முடியவில்லை. முதலில் கொடுத்ததையே இன்னும் நான் அடைக்கவில்லை, அதற்குள் அதன் மேல் இன்னொன்றைத் தூக்கி வைக்கிறான். வைத்துவிட்டு, ஒன்றும் செய்யாதே, போ என்கிறான்.

"செரிடா" என்றேன். "கடசியா ஒரு தபா. வா, பாத்ரூம் வெரிக்கும் நான் கூட்டிகினு போறேன். நீ நடக்கறத நானும் பாக்கணும்."

அவனுக்கு அது பிடித்திருந்தது. என்னை நம்பி இரண்டு கையையும் நீட்டினான். நான் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தேன், அவன் என்னைப் பார்த்தபடி வந்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக வைத்தான். ஒரு பக்கம் சாயும்போது என் விரல்களை இறுக்கிப் பிடித்தான். பாத்ரூம் வாசலில் உயரமான கல்படி. அதைத் தாண்டும் முன் அவனைத் திருப்பி, படிக்கு முதுகு காட்டி நிற்கவைத்தேன். "புட்ச்சிக்கோடா, உட்ராத" என்றான்.

நான் தள்ளவில்லை. நீங்கள் எழுதும்போது தள்ளினான் என்று எழுதிவிடக் கூடாது, அது உண்மையில்லை. என் கைகளை எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன். பிடரி படியில் பட்டது. அந்தப் படியின் உயரம் எனக்குத் தெரியும், தினமும் அவனைத் தூக்கிக்கொண்டு தாண்டியவன் நான்தானே. எங்கே படும் என்று தெரிந்துதான் திருப்பி நிற்கவைத்தேன். பிறகு அவன் தலைக்கு அடியில் தலையணை வைத்து, ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் அவன் நினைவு திரும்பியதும் உங்கள் கான்ஸ்டபிள் வந்து கேட்டார். வழுக்கி விழுந்தேன் என்றான். இந்தத் தடவை கண்ணடிக்கவில்லை, என் பக்கம் திரும்ப அவன் கழுத்து வரவில்லை. வெளியே வராந்தாவில் செண்பகம் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவளிடமாவது சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "செம்பகம், மில்லுல அன்னிக்கு சுச்சு போட்டது..." என்று ஆரம்பித்தேன்.

"நீதாண்ணா. தெரியும்" என்றாள். "ஆஸ்பத்திரில இருந்து வந்த அன்னிக்கே சொல்ட்டாரு. பாவம், அவனும் தெரிஞ்சா பண்ணான், அவன்கிட்ட மூஞ்சி காட்டிராதன்னு சத்தியம் வாங்கிகினாரு." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மொதல்ல எனுக்கு உன்னியப் பாத்தா வயிறு எரியும்ணா. அப்பறம் நீ செய்றதப் பாத்து நானும் உட்டுட்டேன்." மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினாள். "காலைல இருந்து நின்னுகினே கீற. ரெண்டு இட்லி துன்னு."

மாத்திரைக் கதையும் கை எடுத்த கதையும் அவளுக்குத் தெரியாது. அந்த இட்லியை வாங்காமல் நேராக இங்கே வந்துவிட்டேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு நீங்கள் பேனாவை மூடி டப்பாவில் வைத்தீர்கள். அடிபட்டவனே இல்லை என்கிறான், உன் பேச்சை மட்டும் வைத்து நான் என்ன செய்வது என்று கேட்டீர்கள். தயவுசெய்து ஏதாவது செய்யுங்கள். கேஸ் போடுங்கள். எவ்வளவு வருஷம் வேண்டுமானாலும் போடுங்கள். யாராவது ஒருவராவது என்னிடம் விலை கேட்க வேண்டும் சார். ஆண்டவர் கேட்கவில்லை, அவன் கேட்கவில்லை, இப்போது அவளும் கேட்கவில்லை. நீங்களும் சும்மா போ என்றால் நான் எங்கே போவேன்?

ஜெரால்டை வேண்டுமென்றே விழவைத்தது நான்தான். அவன் காலைத் தூங்கவைத்ததும் நான்தான். இதில் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். என்னை எங்கே அடைத்தாலும் காலை வேளையில் மட்டும் ஒரு போலீஸ்காரரைத் துணைக்கு அனுப்பி அவன் வீட்டுக்கு விட்டுவிடுங்கள். இப்போது அவனுக்குக் கையும் அசையவில்லை. சோறு ஊட்ட வேண்டும், மூக்கு அரித்தால்கூட யாராவது சொறிந்துவிட வேண்டும். சபைப் பிள்ளைகள் எத்தனை நாளைக்கு வருவார்கள்? அவன் உடம்பு பழகிய கை என்னுடையதுதான். பழையபடி ஏதாவது செய்துவிடுவேனோ என்று நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. இந்தத் தடவை அவன் எழுந்திருக்கவே மாட்டான் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அதனால் நீங்கள் என்னை நம்பி அனுப்பலாம்.